சனிக்கிழமை வகுப்பில் ஆறு நாற்காலி காலி: ஐந்து நாளில் இடங்களை நிரப்புவது எப்படி

திங்கட்கிழமை காலையில் பதிவேட்டைத் திறந்து பார்க்கிறீர்கள். வரும் சனிக்கிழமை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் சிறுதொழில் நடத்துவோருக்கான ஒருநாள் பயிற்சி நடக்க வேண்டும். பொருளின் அடக்க விலையைக் கணக்கிடுவது, விற்பனை விலையை நிர்ணயிப்பது, அன்றாட வரவு செலவை எழுதுவது ஆகியவை பாடங்கள். மொத்தம் இருபது இடங்கள். பட்டியலில் பதினேழு பெயர்கள் இருக்கின்றன. மூன்று பேர் மட்டும் குறைவு என்று நினைத்து நிம்மதி அடைந்தால் அங்கேயே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இத்தகைய வகுப்புகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைசி நேரத்தில் இடம் காலியாகக் கிடப்பதற்குக் காரணம் செய்தி பரவாமை என்றுதான் எல்லாரும் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில், வர வேண்டும் என்று ஏற்கெனவே நினைத்திருக்கும் ஒருவரை ஏதோ ஒரு சின்னத் தடை வீட்டிலோ கடையிலோ நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தத் தடை எதுவென்று கண்டுபிடித்து நீக்குவதே ஐந்து நாளில் நடக்கக்கூடிய காரியம்.

உண்மையான எண்ணிக்கையை அறிந்துகொள்ளுதல்

பட்டியலில் உள்ள பதினேழு பேரையும் திங்கட்கிழமையே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். வாட்ஸாப்பில் நீலக் குறி விழுந்துவிட்டது என்பதை உறுதிமொழியாகக் கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'வருகிறார்', 'வரவில்லை' என்ற இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். மூன்றாவது பிரிவே வேண்டாம். 'பார்க்கலாம்' என்று ஒருவர் சொன்னால், நம்மவர்கள் முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாமல் சொல்லும் சொல் அது என்பதை நினைவில் வைத்து, 'வரவில்லை' என்றே குறித்துவிட்டு, ஏன் என்பதை மட்டும் மெல்லக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று முறை அழைத்தும் எடுக்காதவரையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டியதுதான். இப்படிச் சலித்து எடுத்தபின் பதினேழு பதினான்காகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆகவே காலியிடம் மூன்று இல்லை, ஆறு.

அடுத்ததாக, அந்த ஆறு இடங்களும் நிரம்பியே ஆக வேண்டுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடக்க விலையைப் பற்றி வகுப்பு நடத்துகிறவர் தம் வகுப்பின் அடக்க விலையை அறியாமல் இருப்பது வேடிக்கைதான். ஆனால் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: மண்டப வாடகை 1,800 ரேண்ட், பயிற்சியாளர் ஊதியம் 6,000, அச்சுச் செலவும் பிற சில்லறைச் செலவும் 600 என்றால், ஒருவர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் 8,400 ரேண்ட் கையை விட்டுப் போகும். உணவு, தேநீர், கையேடு ஆகியவற்றுக்கு ஆளுக்கு 110 ரேண்ட் தனியாக ஆகும். கட்டணம் 650 என்றால் ஒவ்வொருவரிடமிருந்தும் மிஞ்சுவது 540. பதினான்கு பேரிடமிருந்து மிஞ்சும் 7,560, நிலையான செலவை ஈடுகட்டாது. 840 ரேண்ட் நட்டம். முழுக் கட்டணத்தில் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டால் கைக்காசு போகாது. ஆகவே 'ஆறு இடத்தையும் நிரப்ப வேண்டுமே' என்ற பதற்றத்தை விட்டு, 'இரண்டு பேரை உறுதியாகக் கொண்டுவர வேண்டும், மற்றவை வந்தால் நல்லது' என்ற தெளிவோடு வேலையைத் தொடங்கலாம்.

யாரை அழைப்பது, யாரை அழைக்கக் கூடாது

முதலில் அழைக்க வேண்டியவர்கள், முன்னொரு முறை கேட்டுவிட்டு வர முடியாமல் போனவர்கள். கடந்த வகுப்புக்குப் பெயர் கொடுத்து நின்றுபோனவர், தேதி ஒத்துவராதவர், கட்டணத்தைக் கேட்டுவிட்டு அடுத்த முறை வருகிறேன் என்றவர் ஆகிய இவர்களுக்கு வகுப்பு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்து வருகிறவர்கள், முன்பு படித்துச் சென்றவர்கள். அவர்களையே மீண்டும் வரச் சொல்வதற்காக அல்ல. ஒவ்வொருவரிடமும் "உங்களைப் போலக் கடை வைத்திருக்கும் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள், நீங்களே அவரிடம் முதலில் பேசிவிட்டு என்னை அழைக்கச் சொல்லுங்கள்" என்று கேட்பதற்காக. எண்ணை அவரிடமிருந்து வாங்கி நீங்களே அழைப்பதைக் காட்டிலும் இது நல்லது. அதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது நாம் போப்பியா என்று அழைக்கும் 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் சட்டம், 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தப்படுகிறது. அதன் 69-ஆம் பிரிவின்படி, உங்களிடம் ஏற்கெனவே பணம் கட்டிப் படித்தவருக்கு, அதே வகையான வகுப்பைப் பற்றி நீங்கள் செய்தி அனுப்பலாம். ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் 'இனி வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு எளிய வழி இருக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் அல்லாத ஒருவரை, அவருடைய ஒப்புதலைக் கேட்பதற்காக ஒரே ஒரு முறைதான் அணுகலாம். அவர் மறுத்துவிட்டால் அத்தோடு முடிந்தது. இச்சட்டத்தை மீறினால் விதிக்கக்கூடிய நிர்வாக அபராதத்தின் உச்சவரம்பு ஒரு கோடி ரேண்ட். சிறிய ஏற்பாட்டாளர் மீது அவ்வளவு பெரிய அபராதம் பாயும் என்று நான் அச்சுறுத்தவில்லை. எனினும், கோயில் நிர்வாகத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்பதற்காக உறுப்பினர் பட்டியலை வாங்கி, அதில் உள்ள முந்நூறு எண்களுக்கும் செய்தி தட்டிவிடுவது சட்டத்துக்கும் பொருந்தாது, மரியாதைக்கும் பொருந்தாது. அந்த எண்களை மக்கள் அன்னதானத்துக்காகவும் பூசைக்காகவும் கொடுத்தார்கள். கோயில் செயலாளர் தம் பெயரில் தம் குழுவில் ஒரு சிறிய அறிவிப்பை இடச் சம்மதித்தால் போதும். விருப்பம் உள்ளவர் தாமே உங்களை அழைப்பார். இனிவரும் காலத்துக்காக, விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும் "அடுத்த வகுப்பைப் பற்றித் தெரிவிக்கலாமா?" என்று அப்போதே கேட்டு, விடையையும் தேதியையும் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

ஊரின் நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் சந்தையில் கடை போடுகிறவரைச் சனிக்கிழமை வகுப்புக்கு அழைப்பது வீண் வேலை. வெள்ளியும் சனியும்தான் அவருக்குப் பிழைப்பு. மாதத்தின் முதல் சில நாட்களில் மக்களுக்கு அரசு உதவித்தொகை கிடைப்பதால் மளிகைக் கடைக்காரர் கடையை விட்டு அசைய முடியாது. தைப்பூசக் காவடியோ, ஈஸ்டர் வார இறுதியில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டமோ குறுக்கிடுகிறது என்றால், நீங்கள் எத்தனை பேரை அழைத்தாலும் பயன் இராது. புரட்டாசி மாதமானால் வருவார்கள். ஆனால் மதிய உணவு முழுச் சைவம் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறியை நிரப்பிய பன்னிச்சௌ என்றால் எந்த மாதத்திலும் யாருக்கும் சிக்கல் இல்லை, செலவும் குறைவு.

இடையில் நின்று ஆட்களை அனுப்பக்கூடியவர்களில் மிகவும் பயன்படுகிறவர் உள்ளூர்க் கணக்கெழுதுபவர். ஒவ்வொரு சிறு வணிகரின் புத்தகத்திலும் எங்கே ஓட்டை என்பது அவருக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வணிகர் கேட்பார். வணிகர் கணக்கைத் தாமே ஒழுங்காக எழுதி வந்தால் அவருக்கும் தலைவலி குறையும். அரசுத் தரப்பில், 2024 அக்டோபரில் சிறுதொழில் ஆலோசனை முகமையான சேடா, சிறுதொழில் கடன் முகமையான சேஃபா, கூட்டுறவு வங்கி வளர்ச்சி முகமை ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி அமைத்த செட்ஃபா என்னும் சிறுதொழில் வளர்ச்சி, நிதி முகமை இருக்கிறது. 18 முதல் 35 வயதுவரை உள்ளவர்களுக்குத் தேசிய இளைஞர் வளர்ச்சி முகமை இருக்கிறது. தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருந்தால் சனிக்கிழமை கடந்துவிடும். கிளையில் நேரடியாக ஆலோசனை வழங்கும் அலுவலர் ஒருவரை அழைத்து, "இந்த வாரம் உங்களிடம் வந்தவர்களில் விலைக் கணக்குத் தெரியாமல் தடுமாறுகிறவர் இருந்தால் என் எண்ணைக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

பெரிய நிறுவனம் ஒன்று இரண்டு மூன்று இடங்களுக்குப் பணம் கட்டுமா என்று சிலர் கேட்பார்கள். கட்டக்கூடும். கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் விதிகளின்கீழ்க் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான சிறுதொழில்களை வளர்க்கச் செலவிடும் தொகைக்கு நிறுவனங்களுக்குப் புள்ளிகள் கிடைக்கின்றன. அந்தச் சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்பது ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் உள்ளடக்கும். ஆனால் பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமக்களாக இருப்பவரையும் 1994 ஏப்ரல் 27-க்கு முன் குடியுரிமை பெற்றவரையுமே பொதுவாகக் குறிக்கும் என்பதால், அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்து கடை திறந்தவர் இதில் சேரமாட்டார். ஆண்டு வருவாய் ஒரு கோடி ரேண்டைத் தாண்டாத தொழில் இந்த விதிகளின்கீழ்த் தன் தகுதியைக் காட்ட, உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரமே சான்று. காவல் நிலையத்தில் அதைக் கட்டணமின்றி முடித்துக்கொள்ளலாம். அந்த நிறுவனத்தில் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான அலுவலர் இருந்தால் ஒரே தொலைபேசி அழைப்பில் முயன்று பாருங்கள். இல்லாவிட்டால் இந்த வழியை அடுத்த வகுப்புக்கு ஒதுக்கிவையுங்கள்.

அழைத்துப் பேசும் முறை

செய்தி முதலில், அழைப்பு பிறகு. செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அக்கா. மார்ச் மாத வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்; அன்று கடையை விட்டு வர இயலவில்லை என்றீர்கள். அதே வகுப்பு வரும் சனிக்கிழமை காலை 9 முதல் மாலை 3.30 வரை நடக்கிறது. கட்டணம் 650 ரேண்ட், சைவ மதிய உணவு உட்பட. நீங்கள் விற்கும் மூன்று பொருள்களின் அடக்க விலையை அன்றே கணக்கிட்டு எடுத்துப் போகலாம். உங்கள் பெயரில் ஓர் இடத்தைப் புதன் மாலை 6 மணிவரை வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட செய்தி இனி வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று ஒரு சொல் அனுப்புங்கள்."

ஆங்கிலத்திலோ சூலு மொழியிலோ அனுப்ப வேண்டியவர்களுக்கு அதற்கேற்ப எழுதிக்கொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த்தில் தமிழ் பேசுகிறவர்களும் பெரும்பாலும் படிப்பது ஆங்கிலம்தான். எந்த மொழியானாலும் 'விரையுங்கள், கடைசி இரண்டு இடங்கள்' என்று எழுதாதீர்கள். ஆறு இடம் காலியாக இருக்கும்போது இரண்டு என்பது பொய். சனிக்கிழமை காலை அரங்கில் நாற்காலிகளைப் பார்க்கிறவருக்கு அது தெரிந்துபோகும்.

செய்தி அனுப்பிய சில மணி நேரத்தில் அழையுங்கள். வகுப்பின் பெருமையைப் பேசத் தொடங்காமல், "சனிக்கிழமை கடையை யார் பார்ப்பார்கள் அக்கா?" என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். அதற்கு வரும் பதிலில்தான் தடை வெளிப்படும். மகன் பத்து மணிக்குத்தான் எழுந்து வருவான் என்றால், அவர் பத்தரைக்கு வந்து சேரலாம் என்றும், தவறவிட்ட முதல் பாடத்தை மதிய உணவு வேளையில் பயிற்சியாளர் சொல்லித்தருவார் என்றும் ஏற்பாடு செய்யலாம். அதைப் பயிற்சியாளரிடம் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். டர்பனுக்கு வடக்கே உள்ள பீனிக்ஸிலிருந்தோ வெருலமிலிருந்தோ வருகிறவருக்கு இரண்டு டாக்சி (பலர் சேர்ந்து பயணிக்கும் சிற்றுந்து) மாறும் அலைச்சல்தான் தடையென்றால், அந்தப் பக்கத்திலிருந்து காரில் வரும் இன்னொரு மாணவரோடு, இருவரின் சம்மதத்தையும் கேட்டுவிட்டு, இணைத்துவிடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பவருக்கு, மண்டபத்தின் பின்னறையில் ஒரு பாட்டியம்மாவை உட்கார வைத்து நாங்கள் ஒருமுறை சமாளித்தோம்.

இவை எல்லாவற்றையும்விட மறைவான தடை ஒன்று உண்டு. "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வராதுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். முப்பது ஆண்டுகளாக மசாலாப் பொடி அரைத்து விற்கும் ஒரு பெண்மணி அப்படிச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். கிலோவுக்கு எவ்வளவு மல்லி, எவ்வளவு மிளகாய் என்று மனத்திலேயே பெருக்கி வகுப்பவர் அவர். அவருக்குப் பள்ளிக்கூடம்தான் அச்சமே தவிரக் கணக்கு அல்ல. தேர்வு கிடையாது, கரும்பலகைக்கு யாரையும் எழுப்பமாட்டோம், கணக்குப் பொறி தருவோம், பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர் ஒருவரையும் அழைத்து வரலாம் என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

பக்கத்தில் உட்காரும் அந்த ஆள்தான் கட்டணச் சிக்கலுக்கும் விடை. கடைசி நேரத்தில் எல்லாருக்கும் கட்டணத்தைக் குறைப்பது எனக்கு உடன்பாடில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே 650 ரேண்ட் கட்டியவர், தேநீர் வேளையில் பக்கத்து நாற்காலிக்காரர் 400 கட்டினார் என்று கேட்டால், அடுத்த முறை அவரும் கடைசி நாள்வரை காத்திருப்பார். ஆண்டு முழுவதும் உங்களுக்கு இதே திங்கட்கிழமைப் பதற்றம்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக, முழுக் கட்டணம் கட்டியவர் தம் கடையிலிருந்து இன்னொருவரைப் பாதிக் கட்டணத்தில் அழைத்து வரலாம் என்று, முன்பே பதிவு செய்தவர்கள் உட்பட எல்லாருக்கும் அறிவியுங்கள். 325 ரேண்டில் உணவுச் செலவு போக 215 மிஞ்சும். முன்சொன்ன கணக்கின்படி நான்கு துணையாட்கள் வந்தால் 860 ரேண்ட். 840 ரேண்ட் நட்டம் தீர்ந்து இருபது ரேண்ட் கையில் நிற்கும். கடையில் இருவர் சேர்ந்து படித்தால், கற்றதைத் திங்கட்கிழமை செய்து பார்ப்பதற்கும் துணை இருக்கும். கணவர் கொள்முதலையும் மனைவி கல்லாவையும் பார்க்கும் கடைகளுக்கு இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

செய்யக் கூடாத ஒன்று

நாற்காலி நிரம்பினால் போதும் என்று கிடைத்தவரை உட்கார வைக்காதீர்கள். இதை நான் செய்து பட்டிருக்கிறேன். ஒருமுறை ஐந்து இடம் காலியாக இருந்தபோது, தொழில் எதுவும் நடத்தாத ஐந்து இளைஞர்களை இலவசமாகக் கூட்டி வந்தேன். உங்கள் கடையில் அதிகம் விற்கும் பொருளை எழுதுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னதும் அவர்கள் எழுத ஒன்றுமில்லாமல் விழித்தார்கள். அவர்களுக்கு விளக்குவதிலேயே முற்பகல் போயிற்று. பணம் கட்டி வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். குறைந்தபட்சம் ஒரு பொருளையாவது விற்றுக்கொண்டிருக்கிறாரா என்ற ஒரே கேள்வியைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டால் இது நேராது. அதேபோல, உங்கள் வகுப்புக்கு உரிய அரசு அமைப்பின் அங்கீகாரம் இல்லையென்றால், தயங்குகிறவரை இழுப்பதற்காக 'அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ்' என்று வாய் தவறியும் சொல்லிவிட வேண்டாம். வந்து கலந்துகொண்டதற்கான சான்று மட்டுமே தருவோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பணமும் விலகலும்

கடைசி வாரத்தில் வங்கிப் பரிமாற்றத்தை நம்பியிருப்பது ஆபத்து. ஒரு வங்கியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் சாதாரணப் பரிமாற்றம் கணக்கில் ஏற ஓரிரு நாள் ஆகலாம். 2023-இல் அறிமுகமான பேஷாப் முறையில் பணம் உடனே வந்துவிடும். பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை மட்டும் பார்த்து இடத்தை உறுதி செய்யாதீர்கள். உங்கள் கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்தபின் பெயரைப் பட்டியலில் சேருங்கள். வயதானவர்களிடம் ரொக்கம் வாங்கிக்கொண்டு கையோடு இரசீது எழுதிக் கொடுப்பதில் தவறொன்றும் இல்லை.

விலகுகிறவரிடம் முழுக் கட்டணத்தையும் பிடித்துக்கொள்ளலாமா? 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. ஏற்பாட்டாளர் நியாயமான ஒரு தொகையை மட்டுமே கழித்துக்கொள்ளலாம். எவ்வளவு நாள் முன்பாகச் சொன்னார் என்பதோடு, ஏற்பாட்டாளர் முனைந்து தேடியிருந்தால் அந்த இடத்துக்கு வேறொருவர் கிடைத்திருப்பாரா என்பதும் அந்த நியாயத்தைத் தீர்மானிக்கும். யாருக்காக இடம் பதிவானதோ அவர் இறந்ததோ, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதோ காரணமென்றால் எதையும் கழிக்க இயலாது. காத்திருப்போர் பட்டியல் வைத்திருந்து, புதன்கிழமை விலகியவரின் இடத்தில் வியாழக்கிழமை வேறொருவரை அமர்த்திவிட்டீர்கள் என்றால், முதலாமவரின் பணத்தைப் பிடித்து வைக்க நியாயம் ஏதும் இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலக நினைப்பவரிடம், "உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்புங்களேன்" என்று சொல்வதே எல்லாருக்கும் எளிது.

வியாழன் முதல் சனிவரை

வியாழன் நண்பகல் 12 மணியை முடிவு நேரமாக வையுங்கள். அதற்குள் நட்டத்தைத் தாங்கும் அளவுக்கு ஆள் சேரவில்லை என்றால், தள்ளிவைப்பதா நடத்துவதா என்று அப்போதே தீர்மானித்து, பயிற்சியாளருக்கும் மண்டபத்துக்கும் சமையலுக்கும் சொல்லிவிட வேண்டும். நான்கைந்து நூறு ரேண்ட் நட்டமென்றால் நான் நடத்திவிடுவேன். கடையை அடைக்க ஏற்பாடு செய்துவிட்டு வரக் காத்திருக்கும் பதினான்கு பேரை ஏமாற்றுவது அதைவிடப் பெரிய நட்டம்.

வெள்ளி மாலை, எல்லாருக்கும் மண்டபத்தின் இருப்பிடக் குறியையும், எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும் என்பதையும், தங்கள் கடையின் மூன்று பொருள்களுக்கான கொள்முதல் இரசீதுகளை எடுத்து வர வேண்டும் என்பதையும் அனுப்புங்கள். இரசீதைத் தேடி எடுத்து வைத்தவர் பெரும்பாலும் வந்துவிடுவார். மண்டபத்துக்கு அருகிலேயே குடியிருக்கும் இருவரை இருப்பில் வைத்திருங்கள், காலை 9.15 வரை வராதவரை அழைத்துப் பார்த்து, வரவில்லை என்று உறுதியானால் அவர்களைக் கூப்பிடலாம். 10.30-க்குப் பிறகு, முன்பே சொல்லிவைத்தவரைத் தவிர வேறு யாரையும் சேர்க்காதீர்கள். வருகைப் பதிவேட்டில் பெயர், கையெழுத்து ஆகியவற்றோடு இன்னும் இரண்டு கட்டங்களைச் சேர்த்து அச்சிடுங்கள்: 'யார் சொல்லி வந்தீர்கள்?' என்பது ஒன்று, 'அடுத்த வகுப்பைப் பற்றித் தெரிவிக்கலாமா?' என்பது மற்றொன்று. தேநீருக்கு முன்பே அந்தத் தாளைச் சுற்றுக்கு விட்டுவிடுங்கள். மாலையில் எல்லாரும் டாக்சி பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள்.